பட்டமும் பதிவேடும்: வரலாறு படித்தவர்களின் தொழில் வழிகள்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சோழர் ஆட்சிமுறை, விசயநகரத்து நாயக்கர், பாளையக்காரர் போர் என்று ஒரு தலைப்பைத் தருவதுதான் வழக்கம். இம்முறை மாணவர்கள் கேட்டுக்கொண்டதால், வரலாறு படித்தவர்கள் என்ன வேலைக்குப் போகலாம் என்ற கேள்வியையே தலைப்பாக்கியிருப்பதாக இக்கல்லூரியின் வரலாற்றுத் துறைத் தலைவர் எழுதியிருந்தார். சோழரைப் பற்றிப் பேசுவதைவிட இது கடினமான வேலை. ஆனால் செய்தே ஆகவேண்டிய வேலை. அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வில் வணிகவியல், கணினி அறிவியல், ஆங்கிலம் எல்லாம் நிரம்பிய பிறகு மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் நிறையப் பேர். அவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்களுக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு இருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை இருக்கிறது. ஆனால் அது பட்டச் சான்றிதழைப் பார்த்து வருவதில்லை. மூல ஆவணத்தைக் கையில் கொடுத்தால் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவரைத் தேடித்தான் வருகிறது. கல்வெட்டோ, ஓலையோ, 160 ஆண்டுப் பழைய நிலப் பதிவேடோ, அதைப் படிக்கிற ஆள் இந்த மாநிலத்தில் மிகக் குறைவு. தேவையோ ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கிறது. என் பேச்சு முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். 1858-இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் அமைக்கப்பட்டது. முந்தைய அரசர்களும் நாயக்கர்களும் நவாபும் கோயிலுக்கு, பள்ளிவாசலுக்கு, சத்திரத்துக்கு, பிராமணருக்கு, ஊர் ஊழியக்காரருக்கு என்று விட்டுக்கொடுத்த நிலங்களை ஊர் ஊராக விசாரித்தார்கள். யார் கொடுத்தது, எந்த ஆண்டில், யாருக்கு, எந்தக் காரியத்துக்காக, இப்போது அனுபவிப்பவர் யார், அந்தக் காரியம் நடக்கிறதா என்று பத்தி பத்தியாக எழுதினார்கள். அதுதான் இனாம் ஃபேர் ரிஜிஸ்டர். இன்றைக்கு ஒரு கோயில் நிலத்தின் பேரிலோ வக்ஃபு சொத்தின் பேரிலோ சத்திரத்து மனையின் பேரிலோ வழக்கு வந்தால், வழக்கறிஞர் முதலில் தேடுவது அந்தப் பதிவேட்டின் நகலைத்தான்.

நகல் கிடைத்துவிடும். அதைப் படிப்பது யார்? ஆண்டு, வருவாய்க் கணக்குக்கான ஃபசலி ஆண்டாக இருக்கும். ஃபசலி 1272 என்றால் அதனோடு 590 கூட்டி, 1862 சூலையிலிருந்து 1863 சூன் வரை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பரப்பு சில ஊர்களில் ஏக்கரிலும், சில ஊர்களில் பழைய அளவையிலும் இருக்கும். ஒரு வேலிக்கு இருபது மா என்பதும், வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அந்த இனாம் எதைக் கொடுத்தது என்பது. நிலத்தையே கொடுத்தார்களா, அல்லது அரசுக்கு வரவேண்டிய மேல்வாரத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார்களா? மேல்வாரம் மட்டும் என்றால் குடிவாரம் உழுதவனுடையது. இரண்டும் என்றால் கதை வேறு. அந்த ஒரு பத்தியில் எழுத்தர் எந்தச் சொல்லைப் போட்டார் என்பதில் ஒரு குடும்பத்தின் வீட்டு மனை நிற்கலாம், போகலாம். 1948-இலும் 1963-இலும் வந்த ஜமீன், இனாம் ஒழிப்புச் சட்டங்கள் இந்த வேறுபாட்டின் மேல்தான் நடக்கின்றன.

வரலாற்று வகுப்பில் ஜமீன்தாரி முறை, ரயத்துவாரி முறை என்று பத்து மதிப்பெண் வினாவுக்குப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். தாமஸ் மன்றோ பெயரும் எழுதுகிறார்கள். ஆனால் ஓர் இனாம் பதிவேட்டுப் பக்கத்தையோ, தங்கள் ஊரின் நிலங்களைப் பட்டியலிடும் 'அ' பதிவேட்டையோ மூன்று ஆண்டில் ஒருமுறைகூடப் பார்க்காமல் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். வரலாறு பி.ஏ. முடித்துவிட்டு மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரும் மாணவர்கள் உண்டு. அவர்களில் இந்தப் பதிவேடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டு போகிறவர், உரிமையியல் வழக்குகளில் மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் முதல் மாதத்திலிருந்தே பயன்படுகிற ஆளாகிவிடுவார். வருவாய்த் துறையிலும் அறநிலையத் துறையிலும் இதே அறிவுக்கு வேலை இருக்கிறது. கோயில் செயல் அலுவலராகத் தேர்வாகிப் போகிறவரின் மேசைக்கு முதலில் வரும் கோப்பு பெரும்பாலும் நிலத் தகராறாகத்தான் இருக்கும்.

செயல் அலுவலர் என்றதும் தேர்வாணையம் நினைவுக்கு வந்திருக்கும். இந்த அரங்கில் உள்ள மாணவர்களில் பாதிப் பேராவது டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒரு கூலித் தொழிலாளி வீட்டுப் பெண் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகிறாள் என்றால், அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறை நிலை மாறுகிறது. குரூப் 4 தாளில் 200 வினாக்களில் 100 தமிழ். மிச்சத்திலும் வரலாறு, இந்திய தேசிய இயக்கம், தமிழகப் பண்பாடு எல்லாம் உண்டு. குரூப் 1, குரூப் 2 பாடத்திட்டத்தில் ஓர் அலகே தமிழகத்தின் வரலாறும் மரபும் சமூக இயக்கங்களும்தான். குடிமைப் பணித் தேர்வில் வரலாறு விருப்பப் பாடமாகவும் இருக்கிறது, முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்களில் 500 அதற்கு. வரலாறு படித்தவருக்கு இது இயல்பான களம்தான்.

என் கவலை வேறு. போட்டித் தேர்வு வரலாற்றின் முடிவுகளைக் கேட்கிறது. வேலூர்க் கலகம் எந்த ஆண்டு, எந்த மாதம் என்று கேட்கிறது. அந்த முடிவுக்கு வந்த வழியைக் கேட்பதில்லை. அதனால் கல்லூரியும் மெல்ல மெல்ல முடிவுகளை மட்டும் சொல்லிக்கொடுக்கிற இடமாக மாறிவிட்டது. பயிற்சி மையம் அதைவிட நன்றாகச் செய்கிறது. பிறகு எங்கள் துறை எதற்கு? பிள்ளை பட்டம் முடித்து, நகரத்தில் அறையெடுத்துத் தங்கி, நூலகத்தில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து, இருபத்தெட்டு, முப்பது வயதில் தேர்வில் வெல்லாமல் ஊர் திரும்பினால், கையில் வேறெந்தத் தொழில்திறனும் இல்லை. அந்த நிலைக்கு அவனை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமில்லை. தேர்வுக்குப் படியுங்கள். கூடவே, தேர்வு கைகொடுக்காவிட்டாலும் உங்களோடு இருக்கிற ஒரு கைத்திறனையும் இந்த மூன்றாண்டுக்குள் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆசிரியப் பணி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வழி உங்களுக்கே தெரியும். பி.எட். முடித்து டெட் இரண்டாம் தாள், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியம். முதுகலை என்றால் மேல்நிலைப் பள்ளி. நெட் அல்லது செட், முனைவர் பட்டம் என்றால் கல்லூரி. ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அருகிலுள்ள கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சுவரில் உள்ள எழுத்தைப் படித்துக் காட்டுகிற சமூக அறிவியல் ஆசிரியரை அந்தப் பிள்ளைகள் வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை.

அந்தச் சுவருக்கு வருவோம். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளை முறையாகப் படியெடுக்கும் வேலை 1880-களின் பிற்பகுதியில் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் தலைமையில் தொடங்கியது. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை தடவி எடுக்கும் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதி 1890-இல் வந்தது. இன்றும் படியெடுத்து, ஆனால் முழுப் பாடம் அச்சேறாத கல்வெட்டுகள் ஏராளம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். மகிழ்ச்சி சரி. வந்த படிகளை உட்கார்ந்து படிக்க இளைஞர்கள் வேண்டுமே, அவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

கல்வெட்டு வாசிப்பு தெய்வீகக் கலை இல்லை. தமிழ் தெரிந்த ஒருவர் பதினோராம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தை, நல்ல ஆசிரியர் கிடைத்தால், சில மாதங்களில் தட்டுத் தடுமாறிப் படிக்கத் தொடங்கிவிடலாம். புள்ளி இருக்காது, எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு இருக்காது, நடுவில் கிரந்தம் வரும். பழகிவிடும். கடினம் அதற்குப் பிறகுதான். இராசராசன் தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக்குடம் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அவன் 985-இல் அரியணை ஏறினான் என்று கணக்கிட்டு 1010 என்று வருகிறோம். அந்த 985 எங்கிருந்து வந்தது, வேறு எந்தெந்தக் கல்வெட்டின் கோள்நிலைக் குறிப்பிலிருந்து அதைக் கணக்கிட்டார்கள், அந்தக் கணக்கு எவ்வளவு உறுதியானது என்று கேட்கத் தெரிந்தவரே வரலாற்று மாணவர்.

இதில் வரலாற்றுத் துறைக்காரர்களாகிய நாம் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கல்வெட்டுத் துறையின் பெரும் பெயர்களில் பலர் வரலாற்றுப் பட்டதாரிகள் இல்லை. ஹுல்ட்ஷுக்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்ற வெங்கய்யா இயற்பியல் படித்தவர். தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை முழுமையாகப் படித்து 2003-இல் பெருநூலாக வெளியிட்ட ஐராவதம் மகாதேவன் வேதியியலும் சட்டமும் படித்த ஆட்சிப் பணி அதிகாரி. அவர்களுக்குக் கதவு திறந்தது கல்லின் முன்னால் நின்று படித்ததால். பட்டம் நம்மிடம் இருக்கிறது, கல்லும் நம் ஊரிலேயே இருக்கிறது. நடுவில் இருக்கும் பயிற்சிதான் இல்லை.

பயிற்சி தரும் இடங்கள் இருக்கின்றன. மாநிலத் தொல்லியல் துறையின் நிறுவனத்தில் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல் துறை உண்டு. மத்தியத் தொல்லியல் துறையின் நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. கீழடியில் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை 2018 முதல் மாநிலத் துறை தொடர்கிறது. ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை, கொடுமணல், மயிலாடும்பாறை என்று பணி விரிந்தபோது, குழிக்குக் குழி பொறுப்பாளர்கள் தேவைப்பட்டார்கள். மண்ணடுக்கை வரைய, பானையோடுகளைக் கழுவி எண்ணிட்டுப் பதிய, சிறு பொருள்களைப் படமெடுத்துக் குறிப்பு எழுத ஆட்கள் தேவைப்பட்டார்கள். இந்த வேலையின் சிரமத்தையும் சொல்லவேண்டும். நிரந்தரப் பணியிடங்கள் மிகக் குறைவு. பருவ காலத்து ஒப்பந்த வேலை, வெயில், தற்காலிகத் தங்குமிடம். கீழடி அருங்காட்சியகத்தைக் காண 2023 மார்ச்சிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். அங்கே கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டுச் சில்லையும் முதலில் கையில் எடுத்துப் பதிந்தவர் மாதச் சம்பளம் உறுதியில்லாத ஓர் இளைஞராக இருக்கக்கூடும். அரசு அந்தப் பிள்ளைகளுக்கு நிலையான பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

இது புதிய துன்பமும் இல்லை. சி. மீனாட்சியை எத்தனை பேருக்குத் தெரியும்? நீலகண்ட சாஸ்திரியாரின் மாணவி. பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றி ஆய்வு செய்து, 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். காஞ்சி வைகுந்தப்பெருமாள் கோயிலின் சுற்றுச்சுவர்ச் சிற்பங்களை வரிசையாக வைத்து, பல்லவ அரசர்களின் வரலாறாகவே படித்துக் காட்டியவர். அவ்வளவு தகுதி இருந்தும் பணி எளிதில் கிடைக்கவில்லை. 1939-இல் பெங்களூர் மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டே, முப்பத்தைந்து வயது நிறையுமுன் இறந்துபோனார். வைகுந்தப்பெருமாள் கோயில் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த பின்தான் வந்தது. இன்றைக்கும் பல்லவர் பற்றி எழுதுகிற யாரும் மீனாட்சியின் நூல்களைத் தொடாமல் எழுத முடியாது. திறமை இருந்தால் வேலை தானாக வரும் என்று மாணவர்களிடம் நான் சொல்லமாட்டேன். அந்தப் பெயர் என்னைச் சொல்லவிடாது.

ஆவணக் காப்பகத்துக்கு வருகிறேன். எழும்பூரில் 1909-இல் கட்டப்பட்ட செங்கல் கட்டடத்தில் சென்னை ஆவணக் களரி தொடங்கியது. இன்று அதுவே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்து வருவாய், நீதி, இராணுவம், பொது என்று வரிசை வரிசையாக ஆவணங்கள். டச்சுக்காரர்களின் பதிவுகளும் உண்டு. தஞ்சையில் மராட்டியர் விட்டுச்சென்ற மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக் கட்டாக இருக்கின்றன. மோடி படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் எண்ணிவிடக்கூடிய அளவுதான். இந்த எழுத்தில் தேர்ந்த ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ செய்வதற்கு வேலை நிறைய இருக்கிறது.

தேசிய ஆவணக் காப்பகம் டெல்லியில் ஆவண மேலாண்மைக்கென்றே பட்டயப் படிப்பு நடத்துகிறது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டப்படி ஆவணங்களை உருவாக்கும் மத்திய அரசு நிறுவனம் ஒவ்வொன்றும் ஓர் ஆவண அலுவலரை நியமித்தாக வேண்டும். வங்கிகளும் நிறுவனங்களும்கூடத் தங்கள் பழைய தாள்களின் அருமையை உணர்ந்திருக்கின்றன. ரிசர்வ் வங்கி 1981-இல் புனேயில் ஆவணக் காப்பகம் தொடங்கியது. டாட்டா 1991-இல் தொடங்கியது. கோத்ரெஜ் 2006-இல் மும்பையில் தொடங்கியது. நம் ஊரிலோ நூறாண்டு கடந்த ஆலைகள், வங்கிகள், போக்குவரத்துக் கம்பெனிகள், செட்டிநாட்டு வணிகக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் பழைய காகிதக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த அச்சுநூல்களும் இதழ்களும் நாடக நோட்டீசுகளும்தான், அவர் மறைவுக்குப் பின் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. அங்கே நடக்கும் பட்டியலிடும் பணியும் மின்னுருவாக்கப் பணியும் வரலாறு படித்தவர்களுக்கு ஏற்ற பணிதான். ஒரு நோட்டீசில் தேதி இல்லையென்றால், கொட்டகைப் பெயரையும் அச்சகத்தின் பெயரையும் வைத்து எந்தப் பத்தாண்டு என்று சொல்லத் தெரியவேண்டும். வெறும் கணினிப் பயிற்சியால் அது வராது.

ஆவணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் சான்று. கோயிலிலிருந்து களவுபோன அந்தச் செப்புத் திருமேனியை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் விலைக்கு வாங்கியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பில், சிலை கோயிலில் இருந்தபோது எடுத்த படம் பத்திரமாக இருந்தது. 2014-இல் நடராசர் திரும்பி வந்தார். படமெடுத்தவரைவிட, அந்தப் படத்தில் ஊர்ப் பெயரும் கோயில் பெயரும் சரியாக எழுதி, தேடினால் கிடைக்கும்படி அடுக்கிவைத்தவரை நான் அதிகம் வணங்குகிறேன். அருங்காட்சியகக் காப்பாளர், ஏல நிறுவனத்தின் ஆய்வாளர், சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்கு உதவும் வல்லுநர், எல்லோருக்கும் ஒரே அடிப்படை வேலைதான். ஒரு பொருள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது, அதற்குத் தாள் இருக்கிறதா, அந்தத் தாள் உண்மையானதா.

சுற்றுலா, இதழியல், ஆவணப்படம் எல்லாவற்றிலும் நம் மாணவர்கள் இருக்கிறார்கள். 2025-இல் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அங்கே வருகிறவர்களுக்குத் தேசிங்கு கதையையும் சொல்லி, எது கதை, எது ஆவணம் என்றும் பிரித்துச் சொல்லத் தெரிந்த வழிகாட்டிகள் வேண்டும். இதைச் சுருக்கமாகவே விட்டுவிடுகிறேன்.

பாடத்திட்டத்தை மாற்றப் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க வேண்டாம். துறை அளவில் நாளையே செய்யக்கூடியது இருக்கிறது. மூன்றாமாண்டு மாணவர் ஒவ்வொருவரும் தம் சொந்த ஊரின் வரலாற்றை மூல ஆவணத்திலிருந்து எழுதட்டும். ஊர்க் கோயில் கல்வெட்டு அச்சாகியிருக்கிறதா என்று தேடட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கட்டும். மக்கள் தொகைக் கணக்கெடுப்பு மாவட்டக் கையேடு, பழைய மாவட்ட விவரச்சுவடி இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்று எழுதட்டும். இருபது பக்கம் போதும். அந்த இருபது பக்கத்தை நேர்முகத் தேர்வில் மேசைமேல் வைக்கலாம். எந்த மதிப்பெண் பட்டியலும் அந்த வேலையைச் செய்யாது.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுதோறும் இந்த நிதியின் வட்டியில் ஒரு சொற்பொழிவு நடக்கிறது, பேச்சாளருக்குப் பொன்னாடையும் மதிப்பூதியமும் கிடைக்கின்றன. இவ்வாண்டு எனக்கான மதிப்பூதியத்தைத் துறையிடமே விட்டுச்செல்கிறேன். இனி வரும் ஆண்டுகளில் வட்டியில் ஒரு பகுதியை ஒதுக்கி, இரண்டு மாணவர்களையாவது கோடை விடுமுறையில் எழும்பூருக்கு அனுப்பிவையுங்கள். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் நகல் எடுப்பதற்கும் பணம் கொடுங்கள். காப்பகத்தில் ஆய்வு அனுமதி வாங்கக் கல்லூரியின் கடிதம் வேண்டியிருக்கும். அதை முதல்வர் அவர்கள் எழுதித் தரவேண்டும். யார் போவது என்பதைத் துறை முடிவுசெய்யட்டும், ஆனால் ஒருவராவது மாணவியாக இருக்கட்டும். தம் மாவட்டத்தின் இனாம் பதிவேட்டில் பத்துப் பக்கமாவது கையால் படியெடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் பேச்சாளருக்கு முன்னதாக அந்த இருவரும் பதினைந்து நிமிடம் பேசட்டும்.